ஒப்பரேசனுக்குப் போகுமுன் கசாயத்தையும் சொல்லுங்கள்

சென்ற மாதம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்து வாசலில் ஒரு குடும்பமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விசாரித்தோம். கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்குப் பித்தப்பையில் கல். பல மாதம் கிளினிக்குக்கு அலைந்து, ஒருவாறு ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வேன் கூலி கொடுத்து முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு மாமியார் நின்றார். மறுநாள் விடியற்காலை, "மருமகளுக்கு உடம்பில தெம்பு வேணுமே" என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன லேகியத்தில் ஒரு கரண்டியும் அரை டம்ளர் கசாயமும் கொடுத்திருக்கிறார். தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டொக்டர், "கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அந்தத் தாய் உள்ளதைச் சொன்னார். அன்றைய ஒப்பரேசன் நிறுத்தப்பட்டது.

"உண்மையைச் சொன்னதுக்கு இது தண்டனையா?" என்று கணவர் எங்களிடம் கேட்டார். மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், "அடுத்த தடவை வாயே திறக்காதேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சுத்தான் எங்களைப் பயப்படுத்திவிட்டது. கூலியும் போய், நாட்சம்பளமும் போன கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தாய் வாயைத் திறந்ததால்தான் உயிரோடு வீடு திரும்பினார் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல் அல்ல. ஏன் என்பதைத்தான் இம்முறை கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

மயக்கம் என்றால் தூக்கம் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. தூங்குகிற மனிதனைக் கொசு கடித்தால் கையை வீசுவான். தொண்டையில் எச்சில் இறங்கினால் இருமுவான். முழு மயக்கத்தில் இது எதுவும் கிடையாது. நாக்கு பின்னால் சரியும். இருமல் வராது. பெரிய ஒப்பரேசன்களில் தசைகளைத் தளர்த்துவதற்கும் மருந்து கொடுப்பதால், சொந்தமாக மூச்சு விடுகிற வேலையும் நின்றுவிடும். அந்த நேரம் முழுவதும் தொண்டைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, மெஷின் மூலம் மூச்சைக் கொடுத்துக்கொண்டு, தலைமாட்டிலேயே ஒருவர் இருப்பார். அவர்தான் மயக்க மருந்து டொக்டர். வெட்டித் தைக்கிற டொக்டரை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். இவரை நோயாளி பெரும்பாலும் பார்த்ததாகக்கூட ஞாபகம் இருக்காது. ஒப்பரேசன் முடியும்வரை நம் மூச்சு அவர் கையில்தான் இருக்கிறது.

எல்லா ஒப்பரேசனுக்கும் முழு மயக்கம் வேண்டியதில்லை. பல் பிடுங்கும்போது போடுவது விறைப்பு ஊசி. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். சீசர் பண்ணும்போது பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், தாய் விழித்திருந்து பிள்ளையின் அழுகையைக் கேட்பாள். இந்த முறை 1898இல் ஜெர்மனியில் ஔகுஸ்ட் பியர் என்ற டொக்டர் செய்துகாட்டியது. "அந்த ஊசி போட்டதில இருந்து முதுகுவலி போகவே இல்ல" என்று சொல்லாத லயமே இல்லை எனலாம். ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், உண்மை. காலமெல்லாம் வருகிற முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. குனிந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், கொழுந்துச் சுமையைத் தலையில் மாட்டித் தூக்குவதும் முதுகுவலிக்குப் போதும். ஆனால் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாளில், எழுந்து உட்கார்ந்தால் தாங்கமுடியாத தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் வாட்டில் சொல்ல வேண்டும். அதற்கு வைத்தியம் உண்டு.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு, பயம் தணியவும் அரைத்தூக்கம் வரவும் ஊசி போடுவார்கள். மிடசோலம், டயசிபாம் போன்ற மருந்துகள் இவை. "சின்ன ஊசிதானே" என்று இதை லேசாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அளவு கொஞ்சம் கூடினாலும், உடம்பில் வேறு ஒன்று ஏற்கெனவே இருந்தாலும், மூச்சு மந்தமாகும்.

இப்போது அந்தக் கரண்டி லேகியத்துக்கு வருவோம்.

வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், அது மேலேறித் தொண்டைக்கு வரலாம். விழித்திருக்கிறவன் இருமித் துப்பிவிடுவான். மயக்கத்தில் இருப்பவனுக்கு அது நேரே நெஞ்சுக்குள், சுவாசப்பைக்குள் போகும். வயிற்றுப் புளிப்பு நீர் சுவாசப்பையைப் புண்ணாக்கிவிடும். கெட்டியான சாப்பாடாக இருந்தால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். 1946இல் நியூயோர்க்கில் மெண்டல்சன் என்ற டொக்டர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட 66 தாய்மாருக்கு இப்படி நேர்ந்ததை எழுதி வைத்த பிறகுதான், வெறும் வயிறு என்பதை உலகம் முழுவதும் கண்டிப்பாக்கினார்கள்.

பொதுவான கணக்கு இது. சோறு, ரொட்டி, பிஸ்கட், பால் மா போட்ட தேத்தண்ணி, லேகியம், எல்லாவற்றுக்கும் 6 மணித்தியாலம். எண்ணெய், இறைச்சி என்று பலமாகச் சாப்பிட்டிருந்தால் 8. தாய்ப்பாலுக்கு 4. தெளிந்த தண்ணீருக்கும், பால் கலக்காத வெறுஞ்சாயத்துக்கும் 2. தேத்தண்ணியில் ஒரு கரண்டி பால் மா விழுந்ததும் 2 மணித்தியாலம் 6 ஆகிவிடுகிறது, பாருங்கள்! கசாயம் வடிகட்டித்தானே இருக்கிறது என்று அதையும் தண்ணீரோடு சேர்த்துவிடக் கூடாது. அதில் மண்டி இருக்கும், தேன் இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். இந்தக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும்; உங்களுக்கு வாட்டில் என்ன நேரம் சொன்னார்களோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். "இரவு 12 மணிக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் கஷ்டம். பசியில் பிள்ளை அழும். பாட்டிமாருக்கு மனம் கேட்காது. மிஸ்ஸி அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒரு ரஸ்க் துண்டு பிள்ளையின் வாய்க்குள் போய்விடும். அது பாசம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அப்படி நடந்துவிட்டால், பிள்ளையை உள்ளே கொண்டுபோகுமுன் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும். விழட்டும்.

அடுத்து, "பச்சிலைதானே, அது என்ன செய்யும்?" என்ற பேச்சு. இதைக் கேட்டால் எங்களுக்கு ஒரு ஜப்பான் டொக்டரின் கதைதான் ஞாபகம் வரும். ஹனாஒகா செய்ஷூ என்பது அவர் பெயர். 1804ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி, 60 வயதுப் பெண் ஒருவரின் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை, அவர் முழு மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டியெடுத்தார். மேல்நாட்டில் ஈதர் புகை கொடுத்து மயக்கியதைப் பெரிதாகச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் பொஸ்டன் ஆஸ்பத்திரியில் 1846இல் நடந்தது. அதற்கு 42 வருடம் முந்தியவர் இவர். இவர் கொடுத்தது ஊசியும் அல்ல, புகையும் அல்ல. குடிக்கிற கசாயம். அதில் முக்கியமான சரக்கு ஊமத்தை.

ஆம், நம் ஊர் ஓரங்களில் முளைத்துக் கிடக்கிறதே, அதே ஊமத்தை இனம். நுவரெலியாப் பக்கம் வேலிகளில் எக்காளம் மாதிரிப் பூ தலைகீழாகத் தொங்குமே, அதுவும் அதற்குச் சொந்தக்காரச் செடிதான். இரண்டிலும் உள்ள விஷம் ஒன்றே. சரியான அளவைக் கண்டுபிடிக்க ஹனாஒகா ஏறத்தாழ 20 வருடம் பாடுபட்டார். அவருடைய தாயும் மனைவியும் தாங்களே குடித்துப் பார்க்க முன்வந்தார்கள். அந்தச் சோதனையில் மனைவிக்குக் கண் பார்வை போய்விட்டது.

பச்சிலையின் பலம் அப்படிப்பட்டது. ஒப்பரேசனுக்குப் பிறகு வலிக்குப் போடுகிற மோர்பின் எங்கிருந்து வந்தது? கசகசாச் செடியின் பாலில் இருந்து. 1884இல் வியன்னாவில் கண் ஒப்பரேசனுக்கு முதன்முதலாக விறைப்பு மருந்தாகச் சொட்டுவிட்டது கொக்கா இலையின் சத்து. ஊமத்தை இனத்திலிருந்து கிடைக்கிற அத்ரோபின் இன்றும் மயக்க மருந்து டொக்டரின் தட்டில் இருக்கிறது. களைகொல்லி, பூச்சிகொல்லி அடிக்கிற தோட்டங்களில், சிலவகைப் பூச்சிகொல்லி நஞ்சை முறிக்கவும் அதைத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே நாட்டு மருந்து வேறு உலகம், இங்கிலீஷ் மருந்து வேறு உலகம் என்று பிரிப்பதற்கில்லை. இரண்டும் போய்ச் சேருவது ஒரே இரத்தத்துக்குள்தான்.

நாட்டு வைத்தியத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. இருமலுக்கு ஒரு கோப்பை கொத்தமல்லி, இஞ்சி அவித்துக் குடிக்காதவர் நம்மில் யார்? கறியில் போடுகிற பூண்டும் மஞ்சளும் இஞ்சியும் ஒன்றும் செய்யாது. ஆனால் பூண்டையோ இஞ்சியையோ மருந்தாக, நாள்தோறும் கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்தால் இரத்தம் உறைவது தாமதிக்கலாம். வெட்டிய இடத்தில் கசிவு நிற்காமல் போகலாம். அதிமதுரத்தை நெடுநாள் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு இறங்கும். மயக்கத்தில் இதயம் தாளம் தவற அது ஒரு காரணமாகலாம். சீனி வருத்தத்துக்குப் பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் பலர். டொக்டர் கொடுத்த மாத்திரை, பாகற்காய்ச் சாறு, அதற்கு மேல் ஒப்பரேசனுக்காகப் பட்டினி மூன்றும் சேர்ந்தால் சீனி மிகவும் இறங்கிவிடும். மயக்கத்தில் கிடப்பவர் "தலை சுத்துது" என்று சொல்லமுடியாது அல்லவா?

அரிஷ்டம் என்றால் பலருக்குச் சத்து மருந்து என்ற எண்ணம். அது புளிக்கவைத்துச் செய்வது. அதற்குள் தானாக உண்டான மதுசாரம் இருக்கிறது. சில லேகியங்களில் கஞ்சாவும் சேரும். மதன மோதகம் என்று விற்பதில் அது உண்டு. கஞ்சா பழகிய உடம்புக்கு மயக்க மருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். இதெல்லாம் டொக்டருக்குத் தெரிந்தால் அளவை மாற்றிக்கொள்வார். தெரியாவிட்டால்?

ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்த அன்றே நீங்கள் குடிக்கிற நாட்டு மருந்தைக் கிளினிக்கில் சொல்லிவிட்டால், எதை நிறுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்டவற்றில் பலவற்றை இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். அதற்காக டொக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையையோ, அஸ்பிரினையோ, வலிப்பு மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சில மாத்திரைகளை ஒப்பரேசன் அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள்.

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சாராயமோ கசிப்போ, "குடிப்பீங்களா?" என்று டொக்டர் கேட்டால், பக்கத்தில் மனைவி நிற்கிறாள் என்று "இல்லைங்க ஐயா" என்று சொல்லிவிடுகிறோம். டொக்டர் பொலிஸ்காரர் அல்ல. தினமும் குடிக்கிற உடம்புக்கு மயக்க மருந்தின் கணக்கே வேறு. அதைவிட மோசம், ஒப்பரேசனுக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாள். திடீரென்று குடி நின்றதால் கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், போட்ட சேலைனைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார். வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஆள் தேடுவார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. ஒப்பரேசனுக்கு முதல் நாள் "பயம் தெளியட்டும்" என்று தவறணைக்குப் போவதோ, உயிரோடு விளையாடுவது. குடியும் தூக்க மருந்தும் உள்ளே ஒன்றுசேர்ந்தால் மூச்சு நின்றுபோகும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. மயக்க மருந்து டொக்டர் வந்ததும் "வாயைத் திறங்க" என்பார். குழாய் போகுமா என்று பார்ப்பதற்குத்தான். பாக்கும் புகையிலையும் வருடக்கணக்காக மென்றால் கன்னத்தின் உட்தோல் தடித்து இறுகிவிடும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் போகிறதா என்று இன்றே வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால், அவசர ஒப்பரேசன் ஒன்று வரும்போது குழாய் செலுத்துவது கஷ்டமாகும். இப்போதே டிஸ்பென்சரியில் காட்டுங்கள், வாய்ப் புற்றுக்கும் அது முன்னறிகுறியாக இருக்கலாம். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். விரல் நகத்தில் பூசிய சாயத்தையும் எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டுகிற சின்னக் கிளிப், தோலுக்குள் வெளிச்சத்தைச் செலுத்தித்தான் இரத்தத்தில் ஒட்சிசன் போதுமா என்று சொல்கிறது. மருதோன்றி அழுத்தமாகச் சிவந்திருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

அப்படியானால் நம் கைமருந்துக்கும் நம்பிக்கைக்கும் ஆஸ்பத்திரியில் இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. வாயால் உள்ளே போவதைச் சொல்ல வேண்டும். கையாலும் வாய்ச்சொல்லாலும் செய்வதைத் தாராளமாகச் செய்யலாம். தியேட்டருக்குப் போகுமுன் விருப்பமான பாட்டைக் கேட்டால் பதற்றம் குறைகிறது என்று ஆராய்ச்சிகளிலேயே கண்டிருக்கிறார்கள். பக்திப் பாட்டோ சினிமாப் பாட்டோ, அது உங்கள் விருப்பம். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுவது நெஞ்சுப் படபடப்பை இறக்கும். ஒப்பரேசனுக்குப் பிறகு வாந்தி வருகிற மாதிரி இருந்தால் சீன வைத்தியத்தில் ஒரு முறை உண்டு. மணிக்கட்டின் உட்புறம், மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, நடுவில் ஓடும் இரண்டு நாண்களுக்கு இடையில் பெருவிரலால் அழுத்துவது. குமட்டல் குறைவதாக ஆராய்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். செலவில்லாதது, செய்து பாருங்கள். விபூதி பூசுவதற்கும் யாரும் தடை சொல்லப்போவதில்லை. கயிறு, தாயத்து கட்டியிருந்தால் கழற்றச் சொல்லலாம். உலோகம் உடம்பில் இருந்தால் மின்சாரக் கத்தி பிடிக்கும்போது தோல் சுடலாம் என்பதற்காகத்தான். துணை நிற்பவர் அதைத் தன் கையில் வைத்திருக்கட்டும். நெஞ்சில் தைலமும் எண்ணெயும் பூசிக்கொண்டு போகாதீர்கள். இதயத்தைப் பார்க்கிற ஒட்டுத்துண்டு ஒட்டாது.

ஒன்றில் மட்டும் கைமருந்தும் ஆபத்தாகும். சூட்டு ஒத்தடம். முதுகு ஊசி போட்டவருக்குக் கால் மரத்திருக்கும். "காலு சில்லுன்னு இருக்கு" என்று சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டால் தோல் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. பல் பிடுங்கிய பிள்ளைக்கும் அப்படித்தான். விறைப்பு போகும்வரை கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காயத்தின் மேல் மஞ்சளோ எண்ணெயோ பச்சிலையோ அரைத்துப் போடுவதும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் 24 மணித்தியாலம் கவனம். நடந்து திரிவார், பேசுவார். ஆனாலும் மருந்து முழுதாக இறங்கியிருக்காது. அன்றைக்கு மலைச் சரிவில் ஏறக் கூடாது. கவ்வாத்துக் கத்தியைத் தொடக் கூடாது, த்ரீவீல் ஓட்டக் கூடாது. சேமலாப நிதிப் பத்திரம் என்று எதிலும் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். குடி அறவே ஆகாது. வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையோடு கடையில் வாங்கிய பனடோலையும் சேர்த்துப் போடுகிறோம். இரண்டும் ஒரே மருந்தாக இருக்கும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்பு என்றால், நம் பெண்கள் பலர் அப்படித்தான், அதைவிடக் குறைவு. அடுத்த வீட்டுக்காரரிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கமும் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, பாஷைப் பிரச்சினை. டொக்டர் சிங்களத்தில் கேட்பார். நம் ஆள் புரிந்தும் புரியாமலும் தலையை ஆட்டிவிடுவார். தலையாட்டல் "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று எழுதப்படும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். யாரும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை; கசாயத்துக்குச் சிங்களத்திலும் "கசாய" என்றுதான் பெயர், அரிஷ்டத்துக்கும் "அரிஷ்ட" என்றுதான் பெயர். போத்தலையே பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது முன்பு மயக்க மருந்து கொடுத்து, நெடுநேரம் மூச்சுத் திரும்பாமல் இருந்ததா, கடும் காய்ச்சல் வந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அது பரம்பரையாக வரக்கூடியது, சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இன்னும் கவனிக்க வேண்டியது.

அந்த லயத்துத் தாய்க்கு மறு திகதி கிடைத்திருக்கிறது. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், தான் குடிக்கிற கசாயத்தின் பெயரையும் எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்பதையும் மகளைக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார். உங்களில் யாருக்காவது எழுத ஆள் இல்லை என்றால், தோட்டத்து டிஸ்பென்சரியில் கேளுங்கள். டொக்டர் ஐயாவோ மருத்துவிச்சி அம்மாவோ எழுதித் தருவார்கள்.